பனம்பூவும் அசாயே யானையும்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிக் குன்னூரைத் தாண்டினால் வெலிங்டன். மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. கோவை, ஈரோடு, நாமக்கல், தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பட்டாளத்துக்குள் காலெடுத்து வைத்த வாசல் அது. பயிற்சி முடித்து, கசம் பரேடில் உறுதிமொழி எடுத்து, முதல் விடுப்பில் ஊருக்கு வரும் இளைஞனின் தொப்பியில் ஒரு சின்னம் இருக்கும். கேடயத்தின் மேல் நிற்கும் யானை, அதன் பின்னால் குறுக்காக இரண்டு வாள்கள். ஆனைமலையும் சிறுவாணியும் பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் அதை நம் காட்டு யானை என்று நினைத்துக்கொண்டால் குற்றமில்லை. உண்மையில் அந்த யானை மராட்டியத்திலிருந்து வந்தது. அது எப்படி வந்தது, வந்த காரணம் மறைந்த பிறகும் ஏன் நீடிக்கிறது என்று தேடினால், படைச் சின்னம் என்பதன் இயல்பே விளங்கிவிடும்.

முதலில் சீருடையை வாசிக்கத் தெரிய வேண்டும். கொங்கு வட்டாரத்தில் இதற்குக் கண்ணெதிரே நிறைய உதாரணங்கள் உண்டு. கோவை ரெட்ஃபீல்ட்ஸில் விமானப்படை நிர்வாகக் கல்லூரியும், கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரானியும், பிராந்திய ராணுவத்தின் 110ஆவது மதராஸ் பட்டாலியனும் இருக்கின்றன. திருச்சி சாலையில் சூலூர் விமானப்படைத் தளம். மலைமேல் வெலிங்டனில் முப்படை அதிகாரிகளும் படிக்கும் பணியாளர் கல்லூரி. குடியரசு நாளன்று வ.உ.சி. மைதான அணிவகுப்பில் என்.சி.சி. மாணவர்கள் பெரே தொப்பியில் ஹேக்கிள் என்ற சிவப்புக் குஞ்சத்தைச் செருகி நடப்பதைப் பார்த்திருப்போம். ஆனாலும் யார் எதை, எங்கே, எதற்காக அணிகிறார்கள் என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

தரைப்படை வீரரின் சட்டையில் இருக்கும் அடையாளங்கள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஒவ்வோர் இடமும் தனிக் கேள்விக்கானது. ஆணையிடுபவர் யார் என்பதைத் தோளும் கையும் சொல்லும். அதிகாரிக்குத் தோள்பட்டையில் ஐந்துமுனை நட்சத்திரங்கள். மேஜருக்கு அசோகர் சிங்கம். கர்னலுக்குச் சிங்கமும் இரண்டு நட்சத்திரமும். மேஜர் ஜெனரலிலிருந்து குறுக்கிட்ட வாளும் கோலும். நாயக்குக்கும் ஹவில்தாருக்கும் மேற்கையில் இரண்டு, மூன்று என்று வி வடிவப் பட்டைகள். நாயப் சுபேதார், சுபேதார் ஆகியோரின் தோளில் நட்சத்திரத்தோடு சிவப்பும் மஞ்சளுமாக ஒரு நாடா சேரும். அந்த நாடாவைக் கவனிக்காதவர் சுபேதாரை லெப்டினன்ட் என்று எண்ணிவிடுவார், ஏனென்றால் இருவருக்கும் இரண்டு நட்சத்திரம்தான். இருபது இருபத்தைந்து வருடம் உழைத்துச் சுபேதார் ஆனவருக்கும், அகாடமியிலிருந்து நேற்று வந்த இளம் அதிகாரிக்கும் உள்ள வேறுபாட்டைச் சுமப்பது விரற்கடை அகல நாடா ஒன்றுதான்.

என்ன செய்தார் என்பதை இடது மார்பில் வரிசையாக இருக்கும் பதக்க நாடாக்கள் சொல்லும். பெயர் வலது மார்பில். எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைத் தொப்பி பேட்ஜும், தோள் நுனியில் இருக்கும் பித்தளை எழுத்துகளும், பெல்ட்டும், சில ரெஜிமென்ட்களில் தோளைச் சுற்றும் லேன்யார்ட் கயிறும் சொல்லும். கடைசியாக, மேற்கையில் ஒரு துணிச் சின்னம் இருக்கும். அவருடைய யூனிட் இப்போது எந்த டிவிஷன், எந்தக் கோர், எந்தக் கமாண்டின் கீழ் இருக்கிறது என்பதை அது காட்டும். ராணுவத்தில் அதை ஃபார்மேஷன் சைன் என்பார்கள்.

ரெஜிமென்ட்டின் பேட்ஜும் ஃபார்மேஷன் சைனும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இரண்டும் இரு வேறு உறவுகள். பட்டாலியன் சிக்கிமிலிருந்து ராஜஸ்தானுக்கு மாறினால் கையில் இருக்கும் சின்னம் மாறிவிடும். தொப்பியில் இருக்கும் யானை மாறாது. கைச் சின்னம் முதல் உலகப் போரில் பிறந்தது. தன் ஆட்களுக்குப் படையை அடையாளம் காட்ட வேண்டும், எதிரிக்குப் பெயர் தெரியக் கூடாது என்ற தேவையிலிருந்து எழுத்தில்லாத குறிகளை வண்டிகளிலும் சட்டையிலும் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவின் 4ஆவது டிவிஷன் செங்கழுகையும், 5ஆவது டிவிஷன் கறுப்பின் மேல் தீப்பந்தையும், பர்மாவில் போரிட்ட 17ஆவது டிவிஷன் கறுப்புப் பூனையையும் அணிந்தன. செங்கழுகும் கறுப்புப் பூனையும் இன்றைய இந்திய ராணுவத்திலும் இருக்கின்றன.

எந்த அணி, எந்தத் தலைமை என்று இரு தளங்களில் அடையாளம் சொல்லும் இந்த முறையை ஐரோப்பியர் கண்டுபிடிப்பு என்று எழுதிவிட்டுப் போவது எளிது. தமிழ் படித்தவர் அப்படி எழுத முடியாது. தொல்காப்பியப் புறத்திணையியலில் இரண்டு வகைப் பூக்கள் வருகின்றன. ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடினான். நாட்டைக் கைப்பற்றப் போகிறவன் வஞ்சி, கோட்டையை முற்றுகையிடுகிறவன் உழிஞை, களத்தில் நேருக்கு நேர் மோதுகிறவன் தும்பை, வென்றவன் வாகை. இவை செயலைக் குறித்த பூக்கள். இவற்றுக்கு வேறாகச் சேரருக்குப் பனம்பூ, பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆத்தி. வீரன் எந்த வேந்தனின் ஆள் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே பெரும்படைகள் இவற்றை அணிந்தன என்று காரணத்தையும் தொல்காப்பியர் சொல்லிவிடுகிறார். ஆயிரக்கணக்கானோர் கலந்து மோதும் களத்தில் உன்னவன் யார், என்னவன் யார் என்ற கேள்விக்குத் தலையில் இருக்கும் பூ பதில் சொன்னது. இன்றைய தொப்பி பேட்ஜும் அதே இடத்தில், தலையில்தான் இருக்கிறது.

இந்தப் பனம்பூவுக்கும் கொங்குக்கும் நேரடி உறவு உண்டு. சங்கச் சேரரின் தலைநகர் கருவூர் இன்றைய கரூர்தான் என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. பக்கத்துப் புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரசர் மூன்று தலைமுறையினரைக் குறிப்பிடும் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளில் வில்லும் அம்பும் பொறித்திருக்கின்றன. கொடியிலும் காசிலும் வில், வீரன் தலையில் பனம்பூ என்று அரசுக்கு ஒரு சின்னமும் படைக்கு ஒரு சின்னமும் இருந்தன. அரசின் இலச்சினையையே எல்லோரும் அணிந்துகொள்ளட்டும் என்று விடாமல், படைவீரனுக்கென்று தனி அடையாளம் வைத்த சிந்தனை இந்த மண்ணில் பழையது.

இனி யானையின் கதை. 1803 செப்டம்பர் 23. இன்றைய மகாராஷ்டிரத்தில் ஜால்னாவுக்கு அருகே அசாயே என்ற சிற்றூர். சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் மராட்டியப் படைக்கும், ஆர்தர் வெல்லெஸ்லி தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் போர் நடந்தது. வெல்லெஸ்லியின் படையில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். கம்பெனி வென்றது, மிகப் பெரிய உயிரிழப்போடு வென்றது. அந்தப் போரில் நின்ற மதராஸ் குதிரைப்படை, காலாட்படை, பயனியர் படைகளுக்கு அசாயே என்ற பெயரையும் யானைச் சின்னத்தையும் கம்பெனி வழங்கியது. அன்றைய கவர்னர் ஜெனரல், வெல்லெஸ்லியின் அண்ணன்தான். பிற்காலத்தில் மதராஸ் ரெஜிமென்ட் அந்த யானையைத் தன் பேட்ஜாக்கிக்கொண்டது. வெல்லெஸ்லி பிறகு வெலிங்டன் பிரபு ஆனார். நீலகிரியில் ஜெகதளா என்று அழைக்கப்பட்ட படை முகாமுக்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள். இன்று அந்த ஊரில், அவர் ஜெயித்த போரின் யானையைத் தமிழ், மலையாள, தெலுங்கு, கன்னட இளைஞர்கள் அணிகிறார்கள்.

அதே ஆண்டுகளில் கொங்கில் என்ன நடந்தது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. 1799இல் சீரங்கப்பட்டினம் விழுந்து திப்பு இறந்ததும் கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. ஓடாநிலையைத் தளமாகக் கொண்டு தீரன் சின்னமலை எதிர்த்து நின்றார். 1805இல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அசாயேயில் சென்னைச் சிப்பாய்கள் யானைச் சின்னத்தைச் சம்பாதித்த காலமும், கம்பெனிப் படைகளைச் சின்னமலை காவிரிக் கரையில் எதிர்த்த காலமும் ஒன்றே. சிவப்புக் கோட்டு அணிந்தவனும் தமிழன், அவனை எதிர்த்தவனும் தமிழன். இந்த முரணை மூடி மறைத்துவிட்டு யானையைப் பற்றிப் பெருமை மட்டும் பேசுவது வரலாறாகாது.

அப்படியானால் அந்த யானையை 1947க்குப் பிறகு கழற்றியிருக்க வேண்டாமா? கேள்வி நியாயமானது. விடுதலைக்குப் பின் இந்திய ராணுவம் பலவற்றைக் கழற்றியது. 1950 ஜனவரி 26 முதல் தோளில் இருந்த பிரிட்டிஷ் கிரீடம் போய் அசோகர் சிங்கம் வந்தது. இந்திய மன்னர்களுக்கு எதிரான போர்களுக்காகக் கிடைத்த பல போர்ப் பெருமைகள் விலக்கி வைக்கப்பட்டன. கடற்படைக் கொடியில் இருந்த செயின்ட் ஜார்ஜ் சிலுவை 2022 செப்டம்பரில் கொச்சியில் நீங்கியது. அடுத்த ஆண்டு அட்மிரல்களின் தோள் சின்னம் சிவாஜியின் முத்திரையைத் தழுவி மாறியது. இத்தனைக்கும் நடுவே யானை அசையவில்லை.

காரணம், கிரீடமும் யானையும் ஒரே வகைச் சின்னங்கள் இல்லை என்பதே என் முடிவு. கிரீடம் எசமானைச் சொன்னது. எசமான் போனதும் அதற்கு வேலை இல்லை. யானை அணிந்தவர்களைச் சொன்னது. கொடுத்தவர் கப்பலேறிப் போன பிறகும் அணிந்தவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த யானைக்கு அவர்களே புதிய பொருள் கொடுத்தார்கள். 1948இல் காஷ்மீரின் திட்வால், 1965இல் மகாராஜ்கே, 1971இல் பசந்தர் ஆறு ஆகியவை மதராஸ் ரெஜிமென்ட் சுதந்திர இந்தியாவுக்காகப் பெற்ற போர்ப் பெருமைகள். பசந்தரில் 16ஆவது பட்டாலியனை நடத்திய லெப்டினன்ட் கர்னல் வி.பி. காய் களத்திலேயே இறந்தார். மகாவீர் சக்கரம் பெற்றார். அவர் தொப்பியில் இருந்ததும் அதே யானை. வீர மதராசி, அடி கொல்லு என்ற போர்க்குரலோடு முன்னேறியவர்களுக்கு யானை என்றால் வெல்லெஸ்லி நினைவுக்கு வந்திருக்காது, பக்கத்தில் ஓடும் தோழன்தான் நினைவுக்கு வந்திருப்பான். ஆகவே யானை இருக்கட்டும் என்பேன். ஆனால் அது வந்த வழியைப் பயிற்சி பெறும் ஒவ்வொரு பையனுக்கும், சின்னமலையின் பெயரையும் சேர்த்து, சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சின்னம் பிறப்பைச் சொல்வதில்லை, சேர்ந்த இடத்தைத்தான் சொல்லும். 2024 தீபாவளிக்கு வந்த அமரன் படத்தைப் பார்த்தவர்களுக்கு மேஜர் முகுந்த் வரதராஜனைத் தெரியும். அவர் தமிழர், ஆனால் அவருடைய ரெஜிமென்ட் ராஜ்புத். அதன் பேட்ஜில் குறுக்கிட்ட இரண்டு கட்டாரிகளும் அசோக இலைகளும் இருக்கும். 2014இல் 44ஆவது ராஷ்டிரிய ரைஃபிள்ஸில் பணியாற்றியபோது காஷ்மீரில் உயிர் நீத்தார். ராஷ்டிரிய ரைஃபிள்ஸ் பட்டாலியன் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு தாய் ரெஜிமென்ட்டோடு இணைந்தது. 44 ராஜ்புத்தோடு, 8, 25, 38 மூன்றும் மதராஸோடு. எங்கே அனுப்பினாலும் வீட்டுப் பெயர் கூடவே போகும்படி அமைத்த ஏற்பாடு இது.

விமானப்படையில் இந்த வீட்டுப் பெயர் வேறு விதமாக உயிர் வாழ்கிறது. அங்கே ஸ்குவாட்ரனுக்கு எண் உண்டு, சின்னம் உண்டு, பட்டப்பெயர் உண்டு. விமானிகள் பறக்கும்போது அணியும் ஓவராலில் ஸ்குவாட்ரன் பேட்ச் ஒட்டியிருக்கும். விமானங்கள் பழசாகி ஓய்வு பெற்றால் ஸ்குவாட்ரனைக் கலைத்துவிட்டு எண்ணைப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். புதிய விமானம் வரும்போது அதே எண்ணையும் சின்னத்தையும் எழுப்புவார்கள். சூலூர் இதற்கு நல்ல சாட்சி. 18ஆவது ஸ்குவாட்ரன், ஃபிளையிங் புல்லட்ஸ், 1965இல் நாட் விமானங்களோடு தொடங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் மேல் பல சேபர் விமானங்களைத் தனியாக எதிர்கொண்டு இறந்த ஃபிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன் இந்த ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே ஒருவர் அவர். 2016இல் மிக்-27 விமானங்களோடு அந்த எண் ஓய்வுக்குப் போனது. 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களோடு சூலூரில் மீண்டும் எழுந்தது. செகோன் அணிந்த எண்ணை, அவர் காலத்தில் வரைபடத்தில்கூட இல்லாத ஒரு விமானத்தின் விமானிகள் நம் திருச்சி சாலையோரத்தில் அணிந்தார்கள். அதே தளத்தில் இருக்கும் சாரங் ஹெலிகாப்டர் குழு மயிலைத் தன் அடையாளமாகக் கொண்டது. சீருடையில் மட்டுமின்றி ஹெலிகாப்டரின் உடம்பிலேயே மயிலை வரைந்திருக்கிறார்கள். பறக்கும் படைக்கு மட்டும்தான் பெருமை என்பதும் கிடையாது. சூலூரில் விமானங்களைப் பழுது பார்க்கும் 5ஆவது பேஸ் ரிப்பேர் டிப்போ 2019 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கையால் கொடி பெற்றது. ஸ்பேனர் பிடித்த கைகளுக்குக் கிடைத்த அந்தக் கௌரவம், தொழிற்பட்டறைகளால் வளர்ந்த கோவைக்கு மிகவும் பொருத்தமானது.

அணியும் உரிமை பற்றிச் சொல்லியாக வேண்டும். 2019 உலகக் கோப்பையில் தோனி தன் விக்கெட் கீப்பிங் கையுறையில் பலிதான் பேட்ஜைப் போட்டு ஆடியது நினைவிருக்கும். ஐ.சி.சி. அதை எடுக்கச் சொன்னது. நாடு முழுதும் வாதம் நடந்தது. பேச்செல்லாம் கிரிக்கெட் விதியைப் பற்றியே போனது. பலிதான் பேட்ஜ் பாராசூட் ரெஜிமென்ட்டின் சிறப்புப் படையினருக்கு உரியது, கடும் தேர்வைத் தாண்டியவர்கள் மட்டுமே அணிவது என்ற செய்தி பின்னால் போய்விட்டது. சந்தையில் விற்கும் டீ-சர்ட்டிலும் பைக் டேங்க்கிலும் அந்தச் சின்னத்தை ஒட்டிக்கொள்ளும் இளைஞர்கள் அதை அன்பினால்தான் செய்கிறார்கள். அன்பு இருந்தாலும் அது நமக்கு உரியதில்லை. படைவீரர் என்று நம்ப வைக்கும் நோக்கத்தோடு அவர்கள் உடையையோ அடையாளத்தையோ அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2022இல் வெளிவந்த தரைப்படையின் புதிய போர்ச் சீருடைக்கு ராணுவம் வடிவமைப்பு உரிமையே பதிவு செய்து வைத்திருக்கிறது. திருப்பூரிலும் கோவையிலும் துணி அச்சிடுவோரும் எம்பிராய்டரி போடுவோரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அண்மையில் ஒரு முக்கியமான மாற்றம் வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியரும் அதற்கு மேற்பட்டவர்களும் ரெஜிமென்ட் அடையாளங்களை அணிவதில்லை. தொப்பி, தோள் சின்னம், காலர்ப் பட்டை, பெல்ட், ஷூ எல்லாம் எல்லோருக்கும் ஒன்றே, லேன்யார்ட் கிடையாது. பல ரெஜிமென்ட்களை ஒன்றாக ஆளுபவர் தன் பழைய வீட்டின் பக்கம் சாய்ந்தவராகத் தெரியக் கூடாது என்பது காரணம். முப்பது வருடம் அணிந்த பேட்ஜைக் கழற்றுவது மூத்த அதிகாரிக்கு வலிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் முடிவு சரி என்றே நினைக்கிறேன். ரெஜிமென்ட்டின் சின்னம் இதனால் அதை மிகவும் நம்பி வாழும் சிப்பாய்க்கும் ஹவில்தாருக்கும் சுபேதாருக்கும் இன்னும் அதிகமாகச் சொந்தமாகிறது. இன்னொரு பக்கம், 2022இல் அக்னிபத் திட்டத்தை அறிவித்தபோது அக்னிவீரர்களுக்குத் தனி அடையாளச் சின்னம் இருக்கும் என்றும் அரசு சொன்னது. நாலு வருடத்தில் பெரும்பாலோர் வெளியேறும் ஏற்பாட்டில், ஒரே பட்டாலியனுக்குள் இரண்டு வகைச் சட்டை உருவாவதை நான் வரவேற்க மாட்டேன். ஒரே யானையின் கீழ் நிற்பவர்களைப் பிரித்துக் காட்டும் எந்தக் குறியும் அந்த யானையைப் பலவீனப்படுத்தும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொங்கு நாட்டில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் வாழ்ந்த வீடுகள் பல. பர்மாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த வீடுகளை இடித்துக் கட்டுகிறார்கள். பரணிலிருந்து பித்தளை பேட்ஜோ, பொத்தானோ, தோள் எழுத்தோ வந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். போர்ப் பதக்கங்கள் சிலவற்றில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அவற்றைப் பின்னால் அடையாளம் காணலாம். பேட்ஜில் பெயர் இருக்காது. யாருடையது என்று சொல்ல ஆளில்லாமல் போனால் அது வெறும் பித்தளைதான். ஆகவே பேட்ஜை ஒரு உறையில் போட்டு, அணிந்தவர் பெயர், ராணுவ எண், ரெஜிமென்ட், பட்டாலியன், சேர்ந்த ஆண்டு, வெளியேறிய ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் அதையும் படமெடுத்துச் சேருங்கள். பிராசோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், நுட்பமான கோடுகள் அழிந்துவிடும். இறந்த வீரரின் பதக்கங்களை நெருங்கிய உறவினர் நினைவஞ்சலி நிகழ்வுகளில் வலது மார்பில் அணிந்துகொள்ள ராணுவமே அனுமதி தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். தாத்தா உயிரோடிருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சின்னத்தை அவர் எங்கே, எப்போது அணிந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.